விரல் போன நாளில் எழுதப்படும் முதல் வரி

வேலை பார்க்கும் இடத்தில் அடிபட்ட தொழிலாளி இழப்பீடு பெற, முதலாளி தவறு செய்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தொட்டு இந்தியாவில் நிலைமை இதுதான். விபத்து வேலையின் காரணமாக, வேலையின் போக்கில் நடந்தது என்று காட்டினால் போதும், பொறுப்பு முதலாளியுடையது. தொழிலாளியின் கவனக்குறைவும் அந்தப் பொறுப்பைக் குறைக்காது. குடிபோதையில் இருந்தது, பாதுகாப்புக்கான வெளிப்படையான உத்தரவை வேண்டுமென்றே மீறியது, இயந்திரத்தின் காப்பை வேண்டுமென்றே அகற்றியது ஆகிய மூன்றை மட்டும் சட்டம் விலக்காக வைத்திருக்கிறது. உயிரே போனாலோ, நிரந்தரமான முழு ஊனம் ஏற்பட்டாலோ அந்த விலக்குகளும் செல்லாது.

அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது இருப்பது, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020. அதற்கு முன் நடந்த விபத்துகளுக்குப் பழைய சட்டமே பொருந்தும். இழப்பீட்டின் அடிப்படைக் கொள்கையும் கணக்கிடும் முறையும் புதிய சட்டத்திலும் பெரும்பாலும் அப்படியே தொடர்கின்றன. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்து, நேரமும் இடமும் சூழலும் வேலையோடு பொருந்தினால், வேலையில் நடந்ததாகவே கருதப்படும் என்று புதிய சட்டம் எழுத்திலேயே சொல்கிறது. பழைய சட்டத்தையும் அப்படித்தான் பொருள்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 29 அன்று தீர்ப்பளித்தது. அதிகாலை ஷிஃப்ட்டுக்குப் புறப்பட்டு வழியிலேயே உயிரிழந்த ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளியின் குடும்பம் தொடுத்த வழக்கு அது. மதுராந்தகத்திலிருந்தும் திருக்கழுக்குன்றத்திலிருந்தும் பைக்கில் ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்து மறைமலை நகருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு இது சிறிய விஷயமில்லை.

2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து உருவான செங்கல்பட்டு மாவட்டத்தில் விபத்துக்கான களங்கள் பலவிதம். மறைமலை நகரிலும் மகேந்திரா உலக நகரிலும் தொழிற்சாலைகள், ஓ.எம்.ஆர். நெடுகிலும் அடுக்குமாடிக் கட்டுமானங்கள், உட்பகுதிகளில் கல்குவாரிகளும் கிரஷர்களும், முட்டுக்காட்டிலிருந்து தெற்கே கடற்கரை விடுதிகள், மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறைகள், கடலோரக் குப்பங்களில் மீன்பிடித் தொழில் என்று அவை விரிகின்றன. சட்டத்தில் உரிமை எல்லோருக்கும் இருக்கிறது. அது கைக்கு வந்து சேருமா என்பது பெரும்பாலும் விபத்து நடந்த முதல் சில நாள்களில் என்ன எழுதப்பட்டது, எதில் கையெழுத்து வாங்கப்பட்டது என்பதைப் பொறுத்தே இருக்கிறது.

உதிரிபாகத் தொழிற்சாலைகளில் விரல்களைப் பறிப்பது பெரும்பாலும் பிரஸ் மெஷின். இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அச்சு இறங்க வேண்டும். கை குறுக்கே வந்தால் சென்சார் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். உற்பத்தி எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக ஒரு பொத்தானை நிரந்தரமாக அழுத்திக் கட்டிவைப்பதும் சென்சாரை முடக்குவதும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அறிந்ததுதான். விபத்துக்குப் பிறகு, காப்பை அகற்றியது தொழிலாளியே என்று சொல்லப்படுவதும் உண்டு. வேண்டுமென்றே அகற்றினார் என்பதை நிரூபிக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. மேற்பார்வையாளருக்குத் தெரிந்து, நாள்தோறும் அப்படித்தான் இயந்திரம் ஓடியது என்றால் அந்த வாதம் நிற்காது.

அடிபட்டவரை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லும்போது, எப்படி அடிபட்டது என்று மருத்துவர் கேட்பார். அந்த நேரத்தில் தொழிலாளி வலியில் துடித்துக்கொண்டிருப்பார். பதில் சொல்வது கூட வந்த சூப்பர்வைசராகவோ மேஸ்திரியாகவோ இருக்கும். “வீட்டில் வழுக்கி விழுந்துவிட்டார்”, “பைக்கிலிருந்து விழுந்தார்” என்று அவர் சொல்வது அப்படியே விபத்துப் பதிவேட்டில் ஏறிவிடும். ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்லும் அந்த ஒற்றைத் தாள்தான், பிறகு வழக்கு நடக்கும்போது எதிர்த்தரப்பு முதலில் எடுத்துக் காட்டும் ஆவணம். இயந்திரத்தின் பெயர், இடம், நேரம், வேலையின்போது நடந்தது என்ற விவரம் ஆகியவை அதில் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று குடும்பத்தார் அன்றைக்கே பார்க்க வேண்டும். தவறாக ஏறியிருந்தால் உடனே மருத்துவரிடமும் காவல் நிலையத்திலும் எழுத்துமூலம் சொல்லிவைக்க வேண்டும். அதோடு டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு, சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, வங்கியில் சம்பளம் ஏறிய பதிவு, கேட்டில் வருகையைப் பதிவு செய்யும் பஞ்சிங் விவரம், உடன் வேலை செய்தவர்களின் சாட்சியம் என எல்லாமே வேலை உறவை நிறுவும் சான்றுகள். நியமன உத்தரவு இல்லை என்பதால் வழக்கு இல்லை என்று ஆகிவிடாது.

இனி, எந்தக் கதவைத் தட்டுவது என்ற கேள்வி. முதலில் பார்க்க வேண்டியது, தொழிலாளி இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருகிறாரா என்பது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுகிறவர்கள் வருவார்கள். அப்படி வந்தால் முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது, இ.எஸ்.ஐ. கழகமே தரும். சிகிச்சைக் காலத்தில் ஊதியத்தில் 90 விழுக்காடு கிடைக்கும். நிரந்தர ஊனம் ஏற்பட்டால் இழந்த உழைப்புத் திறனுக்கு ஏற்ப வாழ்நாள் முழுக்க மாதத்தொகை உண்டு. இறந்தால் குடும்பத்துக்குச் சார்ந்தோர் உதவி உண்டு. நோய்க்கால உதவிக்கு இருப்பதுபோல இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேலைக் காயத்துக்குக் கிடையாது. நேற்று வேலைக்குச் சேர்ந்து இன்று அடிபட்டாலும் உரிமை உண்டு.

பதிவே செய்யாமல் வைத்திருந்து, விபத்து நடந்த பிறகு அவசர அவசரமாக இ.எஸ்.ஐ. எண் வாங்கும் நிறுவனங்கள் உண்டு. சந்தா கட்டத் தவறியது முதலாளியின் குற்றம். கழகம் தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ள சட்டம் வழிவகுத்திருக்கிறது. கான்ட்ராக்டரின் ஆள் என்பதும் காரணமாகாது. சந்தாவுக்கு முதன்மை நிறுவனமே பொறுப்பு. ஊனத்தின் அளவை மருத்துவ வாரியம் குறைத்து மதிப்பிட்டதாகத் தோன்றினால் மேல்முறையீடு செய்யலாம். இப்படி மேல்முறையீடு செய்யலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. தெரியாமலே வாழ்நாள் முழுக்கக் குறைந்த தொகையை வாங்கிக்கொண்டிருப்பது பெரிய இழப்பு.

இ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே இருப்பவர்களுக்கு முதலாளி நேரடியாகத் தரவேண்டிய இழப்பீடு. தமிழ்நாட்டில் இந்த வழக்குகளைத் தொழிலாளர் துறையின் துணை ஆணையர், இணை ஆணையர் நிலை அதிகாரிகள் விசாரித்துவருகிறார்கள். கணக்கு எளிது. மாத ஊதியத்தில், மரணத்துக்கு 50 விழுக்காட்டையும் முழு ஊனத்துக்கு 60 விழுக்காட்டையும் எடுத்து, வயதுக்கான காரணி எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அந்த எண் 207.98; 40 வயதுக்கு 184.17, 50 வயதுக்கு 153.09. முப்பது வயதில் மாதம் 25,000 ரூபாய் வாங்கிய ஒருவர் இறந்துபோனால் குடும்பத்துக்கு வரவேண்டியது 15,59,850 ரூபாய். அவர் வாங்கியது இருபத்தைந்தாயிரம் என்றாலும் கணக்கில் ஏறுவது பதினைந்தாயிரம்தான். 2020 ஜனவரி 3 அறிவிக்கையின்படி ஊதிய உச்சவரம்பு அவ்வளவே. சென்னைக்குத் தெற்கே ஒரு கொத்தனாரின் இன்றைய நாள்கூலியைத் தெரிந்த எவருக்கும் இந்த வரம்பு எவ்வளவு பழையது என்று புரியும். ஊதியம் உயர உயரத் தானாக உயரும் வகையில் இதை மாற்றாதவரை, இழப்பீட்டில் ஒரு பங்கு சட்டத்தின் பெயராலேயே வெட்டப்படுகிறது.

பகுதி ஊனத்துக்குச் சட்டத்தின் அட்டவணையில் விழுக்காடு இருக்கிறது. கட்டைவிரல் முழுதும் போனால் 30. ஆள்காட்டி விரல் போனால் 14. ஒரு கையின் நான்கு விரல்கள் போனால் 50. அதே முப்பது வயதுக்காரர் கட்டைவிரலை இழந்தால் 5,61,546 ரூபாய். மருத்துவச் செலவையும் உண்மையில் ஆனபடி முதலாளி தரவேண்டும். தற்காலிகமாக வேலை செய்ய முடியாத காலத்துக்கு, மாத ஊதியத்தில் கால் பங்கு பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அதிகபட்சம் ஐந்து ஆண்டுவரை கிடைக்கும்.

அட்டவணை விழுக்காடு உடலைப் பார்க்கிறது, தொழிலைப் பார்ப்பதில்லை. மாமல்லபுரத்தில் இந்த வேறுபாடு கண்ணெதிரே தெரியும். உளி பிடிக்கும் கையில் கட்டைவிரல் போன ஸ்தபதிக்கு முப்பது விழுக்காடு இழப்பு என்பது நியாயமா? 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் அமர்வு அளித்த தீர்ப்பு இங்கே வழிகாட்டும். ஒடிசாவில் திரையரங்கு ஒன்றின் அலங்கார வேலையின்போது விழுந்து இடது கையை இழந்த தச்சர் ஒருவரின் வழக்கு அது. ஒரு கையோடு தச்சுவேலை செய்ய முடியாது. எனவே விபத்துக்கு முன் அவரால் செய்ய முடிந்த வேலையைப் பொறுத்தவரை இது முழு ஊனமே என்று நீதிமன்றம் ஏற்றது. அவரது தொழில் என்ன, விபத்துக்குப் பின் அதை அவரால் செய்ய முடியுமா என்பதைத் தொழில் தெரிந்தவரின் சாட்சியத்தோடும் மருத்துவரின் சான்றோடும் வைத்தால், அட்டவணையின் எண்ணைத் தாண்டிக் கேட்க இடமிருக்கிறது. ஊனச் சான்றிதழ் மட்டும் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடும் வழக்குகள் இங்கேதான் தோற்கின்றன.

சிற்பப் பட்டறைகளில் ஒரே நாளில் நடக்காத விபத்தும் உண்டு. உளியும் சுத்தியலும் மட்டும் இருந்த இடத்தில் கட்டிங் மெஷினும் கிரைண்டரும் வந்த பிறகு, கருங்கல்லின் நுண்தூள் மூச்சோடு உள்ளே போவது பலமடங்காகிவிட்டது. மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கல்லைச் செதுக்குகிறவர்களின் நுரையீரலைப் பற்றிய பேச்சு அந்த அளவுக்கு எழவில்லை. சிலிக்கா தூசியால் வரும் சிலிகோசிஸ் குணமாகாத நோய். இருமலும் மூச்சிரைப்பும் எடையிழப்பும் காசநோயைப் போலவே இருப்பதால், அதற்கான மருந்தை மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருகிறவர்கள் உண்டு. சட்டம் இதைத் தொழில்சார் நோயாகப் பட்டியலிட்டு, விபத்துக் காயத்துக்குச் சமமாக வைத்திருக்கிறது. கிரஷரில் சில ஆண்டு, பட்டறையில் சில ஆண்டு எனப் பல முதலாளிகளிடம் வேலை பார்த்திருந்தாலும் இழப்பீட்டை அவர்களுக்குள் பங்கிட ஏற்பாடு இருக்கிறது. மருத்துவரிடம் எந்த வேலை, எத்தனை ஆண்டு, எந்தக் கல் என்று சொல்லி அதைச் சீட்டில் எழுதவைப்பதுதான் முதல் படி. துண்டுக் கூலிக்கு வேலை செய்கிறவர் தொழிலாளி ஆகமாட்டார் என்று பட்டறைகளில் சொல்வதும் சரியில்லை. கூலி தரும் விதத்தால் வேலை உறவு இல்லாமல் போகாது. தற்காலிக ஆள் என்ற பழைய விலக்கும் 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது. சொந்தமாகக் கல் வாங்கிச் சொந்தமாகச் செதுக்கி விற்பவரும், பங்கு முறையில் கடலுக்குப் போகிற மீனவரும்தான் இந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்க நேர்கிறது. அவர்களுக்கு நலவாரியமும் விபத்துக் காப்பீடுமே துணை.

கட்டுமானத்தில் கேள்வி வேறு: யார் முதலாளி? சாரத்திலிருந்து விழுந்த சித்தாளுக்குத் தெரிந்தது மேஸ்திரியை மட்டும்தான். மேஸ்திரிக்கு மேல் துணை கான்ட்ராக்டர், அவருக்கு மேல் கான்ட்ராக்டர், அவருக்கும் மேல் கட்டட நிறுவனம். தன் தொழிலின் ஒரு பகுதியைக் கான்ட்ராக்டரிடம் ஒப்படைத்தவரும் இழப்பீட்டுக்கு நேரடிப் பொறுப்பாளி என்கிறது சட்டம். கொடுத்துவிட்டுக் கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்வது அவர் பாடு. எனவே மனுவில் மேஸ்திரியை மட்டும் எதிர்மனுதாரராக்காமல் மேலே உள்ள எல்லோரையும் சேர்ப்பது அவசியம்.

2014 ஜூன் 28 மாலை, அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்து மௌலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் அவர்களில் பலர். இப்படிப்பட்ட குடும்பங்கள் வழக்குக்காகச் சென்னைக்கு அலையத் தேவையில்லை. விபத்து நடந்த இடம், மனுதாரர் வாழும் இடம், முதலாளியின் பதிவு அலுவலகம் உள்ள இடம் ஆகியவற்றில் எங்கே வேண்டுமானாலும் மனு தரலாம். சொந்த ஊரிலேயே வழக்குப் போட முடியும் என்ற இந்த ஒரு செய்தியை வடமாநிலத் தொழிலாளர் தங்கும் ஷெட்டுகளில் அவர்கள் மொழியில் எழுதி ஒட்டினாலே பல குடும்பங்களுக்கு நீதி கிடைக்கும். கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காடு நலவரியாக வசூலிக்கப்பட்டுத் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துக்குச் செல்கிறது. வாரியம் தரும் விபத்து உதவித்தொகை தனி. அதை வாங்கினாலும் முதலாளியிடம் இழப்பீடு கேட்கும் உரிமை அப்படியே இருக்கும்.

சமரசம் என்ற பெயரில்தான் மிகப் பெரிய இழப்பு நடக்கிறது. ஈமச்சடங்குக்குப் பணம் இல்லாத வீட்டில், ஊர்ப் பெரியவர் முன்னிலையில் ஒரு லட்சமோ இரண்டு லட்சமோ கொடுத்து, “முழுமையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாத்தியதையும் இல்லை” என்று எழுதி வாங்கிவிடுகிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று குடும்பமும் அதோடு விட்டுவிடுகிறது. சட்டப்படி அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. இறப்புக்கான இழப்பீட்டை விசாரணை அதிகாரியிடம்தான் செலுத்த வேண்டும். நேரடியாகக் கையில் கொடுத்தது, மூன்று மாத ஊதியம் வரையிலான முன்பணம் நீங்கலாக, கொடுத்ததாகவே கணக்கில் வராது. காயத்துக்கான சமரசத்தையும் அந்த அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை போதாது என்று கண்டால் அவர் பதிவை மறுக்கலாம். ஆகவே ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களும் மனு தரலாம்.

இழப்பீடு எப்போது தரவேண்டியதாகிறது என்பதில் நீண்ட காலம் குழப்பம் இருந்தது. தீர்ப்பு வந்த நாளிலிருந்துதான் என்று காப்பீட்டு நிறுவனங்கள் வாதாடிவந்தன. தச்சரின் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் விபத்து நடந்த நாளிலிருந்தே என்று சொல்லியிருந்தது. 2012இல் அதை மீண்டும் உறுதிப்படுத்தியது. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 விழுக்காடு வட்டி. தாமதத்துக்குத் தக்க காரணம் இல்லையென்றால் அபராதமாக 50 விழுக்காடு வரை கூடும். பொறுப்பை முழுதாக ஏற்க மறுக்கும் முதலாளியும், ஒப்புக்கொள்ளும் அளவுக்கான தொகையை உடனே தந்தாக வேண்டும். மனு தர இரண்டு ஆண்டு கெடு. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம். முதலாளிக்கு எழுத்துமூலம் நோட்டீஸ் தரவேண்டும் என்றாலும், விபத்து அவருக்குத் தெரிந்திருந்தால் நோட்டீஸ் இல்லை என்பது குறையாகாது. வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுத் திருத்தம் சொன்னது. அந்தக் காலவரையறை ஏட்டில்தான் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் இழுபடுவதே நடைமுறை. விசாரணை அதிகாரிகளின் எண்ணிக்கையை உயர்த்தாமல் இது மாறாது.

சில விபத்துகளில் வேறு வழியைத் தேர்ந்தெடுப்பது லாபம். சாலையில் வாகனத்தால் அடிபட்ட ஓட்டுநரோ டெலிவரி ஊழியரோ மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம், இரண்டில் ஒன்றுதான். அங்கே ஊதிய உச்சவரம்பு இல்லை, எதிர்கால வருமான உயர்வும் கணக்கில் சேரும். ஆனால் மற்றவர் தவறை நிரூபிக்க வேண்டியிருக்கும். 2022 ஏப்ரல் முதல் அங்கே ஆறு மாதக் கெடுவும் இருக்கிறது. தவறு தெளிவாக எதிர்வண்டியுடையது என்றால் தீர்ப்பாயம், தானே சறுக்கி விழுந்தது என்றால் இழப்பீட்டுச் சட்டம் என்பது பொதுவான வழி. விடுதியிலோ அடுக்குமாடியிலோ கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி மூச்சடைத்து இறந்தவர்களுக்கு நிலைமை தனி. ஒருவரை அதில் இறக்குவதே குற்றம். 2014இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் என்று நிர்ணயித்த இழப்பீட்டை 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சம்.

இழப்பீடு ஒரு பக்கம், தண்டனை மறுபக்கம். அலட்சியத்தால் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் வழக்குப் பதிவாகும். பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின்படி, முதலாளியின் கடமை தவறியதால் மரணம் நேர்ந்தால் இரண்டு ஆண்டுவரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அந்த அபராதத்தில் பாதிக்குக் குறையாத பங்கைப் பாதிக்கப்பட்டவருக்கே தர நீதிமன்றம் உத்தரவிட முடியும். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஆய்வறிக்கை இழப்பீட்டு வழக்கிலும் வலுவான சான்று. அதன் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம்.

இதற்கெல்லாம் வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்பது தடையாக வேண்டியதில்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987இன்படி தொழிற்சாலைத் தொழிலாளிக்கும், பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். செங்கல்பட்டு நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். தீர்ப்பு சாதகமாக வந்தபின் முதலாளியோ காப்பீட்டு நிறுவனமோ உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டுமானால், தீர்ப்புத் தொகையை முதலில் கட்டியாக வேண்டும். அதுவும் 60 நாளுக்குள், முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால் மட்டுமே. கட்டிய தொகையிலிருந்து ஒரு பகுதியை மேல்முறையீடு முடியும் முன்பே எடுத்துக்கொள்ளத் தொழிலாளி மனுச் செய்யலாம்.